பதின்மூன்று படங்களில் செத்த ஒடெற்

ஹேர்னிங் நகரத்துச் சலவைத் தொழிற்சாலையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை அழுத்தும் யந்திரத்தின் முன்னால் எப்போதும் இரண்டு பெண்கள் நிற்பார்கள். ஒருத்தி இடது மூலையைப் பிடிக்க மற்றவள் வலது மூலையைப் பிடிப்பாள். இருவரும் ஒன்றாக விரிப்பை உதறி, விளிம்பை உருளையின் வாயில் கொடுத்து, காலடியில் இருக்கும் மிதியை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். ஒருத்தி முந்தினால் விரிப்பு கோணலாகப் போகும். ஒருத்தி பிந்தினால் மடிப்பு விழுந்து வெளியே வரும். அதனால் அங்கே சோடி சேர்ப்பது கலியாணம் பேசுவது போன்ற காரியம். பொருந்தாத சோடியை மேற்பார்வைக்காரி ஒரு கிழமைகூட வைத்திருக்கமாட்டாள்.

1986ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ராசமலர் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குச் சோடியாக வாய்த்தவள் ஒடெற் கெர்வல் என்ற பிரெஞ்சுக்காரி. நாற்பதை எட்டிப் பார்க்கும் வயது. மெலிந்த முகம், பெரிய கண்கள், கூந்தலை உச்சியில் கொண்டையாக முடிந்து அதிலே ஒரு பென்சிலைச் செருகியிருப்பாள். ராசமலர் யாழ்ப்பாணத்திலிருந்து கணவனிடம் வந்து சேர்ந்து அப்போதுதான் ஒரு வருடம் ஆகியிருந்தது. டெனிஷ் மொழி இருவருக்குமே அரைகுறை. ஒடெற்றின் சொற்கள் மூக்கு வழியாக வந்தன. ராசமலரின் சொற்களில் பாதி கையால் வந்தன. மற்றவர்கள் இரண்டு பேரிடமும் ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தரம் கேட்டார்கள். ஒருத்தி சொன்னதை மற்றவள் மட்டும் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. வயதுக்கு மூத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிட மனம் வராமல் ராசமலர் அவளை ஒடெற் அக்கா என்று அழைத்தாள். அக்கா என்றால் என்னவென்று விளங்கிய பிறகு ஒடெற் அந்தப் பெயருக்கு மட்டும்தான் திரும்பிப் பார்த்தாள்.

ஒடெற் முன்பு நடிகையாக இருந்தவள் என்பது தொழிற்சாலையில் ஒருவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்தது ராசமலரின் கணவன் சிவானந்தன். கண்டுபிடித்தது என்று சொல்வதும் கொஞ்சம் அதிகம்தான். காசில்லாமல் கிடைத்ததை வீணாக்கக்கூடாது என்ற அவனுடைய குணந்தான் கண்டுபிடித்தது.

அந்த நாட்களில் வீடியோ யந்திரம் வாங்கும் வசதி புதிதாக வந்த குடும்பங்களுக்கு இல்லை. சனிக்கிழமைகளில் பெற்றோல் நிலையத்துக்குப் போனால் சூட்கேஸ் மாதிரியான ஒரு பெட்டிக்குள் யந்திரத்தை வைத்து வாடகைக்குத் தருவார்கள். மூவிபொக்ஸ் என்று அதற்குப் பெயர். லண்டனிலிருந்து யாரோ அனுப்பிய தமிழ்ப்படக் கசற் வீடு வீடாகச் சுற்றி வரும். நாலாவது ஐந்தாவது பிரதியாக இருப்பதால் அதிலே கதாநாயகனும் வில்லனும் மழைக்குள் நிற்பது போலத் தெரிவார்கள். அதைப் பார்க்கத்தான் எல்லோரும் பெட்டி எடுப்பார்கள். ஆனால் பெட்டியோடு கடைக்காரன் இரண்டு படங்களையும் இலவசமாகக் கொடுத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திருப்பிக் கொடுக்குமுன் அந்த இரண்டையும் பார்த்துத் தீர்ப்பது சிவானந்தனின் கட்டாயம். அது போர்ப்படமோ, குதிரைப்படமோ, குழந்தைகளின் சித்திரப்படமோ, அவன் மத்தியானச் சோற்றுக்கோப்பையோடு முன்னால் உட்கார்ந்துவிடுவான்.

அப்படி ஒரு ஞாயிறு வந்தது பழைய பிரெஞ்சுப் பேய்ப்படம். இடிந்த மாளிகை, மெழுகுதிரிகள், ஒரு கல்மேடை. மேடையின் மேல் வெள்ளை உடுப்போடு ஒரு பெண் செத்துக் கிடந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ராசமலரின் கை அப்படியே நின்றது.

"இஞ்சேருங்கோ, இது எங்கடை ஒடெற் அக்கா."

சிவானந்தன் நம்பவில்லை. வெள்ளைக்காரர் எல்லாரும் செத்தால் ஒரே மாதிரித்தான் இருப்பினம் என்றான். பிறகு படத்தைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தான். பெயர் போடும் இடத்தில் ஒடெற் என்று ஒருவரும் இல்லை. லில்லி புளூம் என்று ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. ஆனால் அந்த மூக்கையும் நெற்றியையும் தினமும் ஒரு விரிப்பின் அகலத்துக்கு அப்பால் பார்ப்பவள் ராசமலர். அவளுக்கு அது படம் என்று தெரியும். தெரிந்தும் சோற்றுக்கோப்பையைத் தள்ளி வைத்தாள். தெரிந்த ஒருவர் இவ்வளவு நன்றாகச் செத்துக் கிடப்பதை அவள் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை அவள் செத்தல் மிளகாயும் உப்பும் ஒரு கடதாசியில் பொதிந்து கொண்டுபோனாள். இடைவேளையில் ஒடெற்றைக் கண்டீனின் மூலைக்குக் கூட்டிப்போய் இருத்தி, பொதியைக் கைக்குள் மூடி அவளுடைய தலையைச் சுற்றி மூன்று தரம் சுற்றி நாவூறு கழித்தாள். இது என்ன மருந்து, எனக்கு என்ன வருத்தம் என்று ஒடெற் கேட்டாள். ராசமலர் தன் டெனிஷில் ஒரு வசனம்தான் சொன்னாள்:

"நேற்று நீங்கள் எங்கடை ரீவியிலை செத்துப்போனியள்."

ஒடெற் முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கியது. சிரித்த சிரிப்பில் கொண்டையிலிருந்த பென்சில் விழுந்து உருண்டது. "எந்தச் சாவு?" என்று கேட்டாள். "கல்லிலையோ, கடற்கரையிலையோ?"

அதற்குப் பிறகு விரிப்புகளோடு கதையும் உருளைக்குள் போகத் தொடங்கியது.

ஒடெற் பிறந்தது பிரான்சின் மேற்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரில். தாய் மீனைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். பத்தொன்பது வயதில் ஒடெற் பாரிஸுக்குப் போய் பொய்முடி செய்யும் கடை ஒன்றில் சேர்ந்தாள். ஒருநாள் பேய்ப்படம் எடுக்கும் குழுவொன்றுக்கு முதலாளி அவளிடம் பொய்முடிகளைக் கொடுத்தனுப்பினார். அவள் போன நேரத்தில் அங்கே எல்லோரும் தலையில் கை வைத்து நின்றார்கள். பிணமாகப் படுத்த பெண் பழைய மாளிகையின் தூசிக்குத் தும்மிக்கொண்டே இருந்தாள். இயக்குநர் சுற்றிப் பார்த்தார். பெட்டியோடு நின்ற ஒடெற்றைக் கண்டு, நீ போய்ப் படு என்றார். நாலு சகோதரிகளோடு ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவளுக்கு அசையாமல் கிடப்பது பெரிய வேலையாகத் தெரியவில்லை. படுத்தாள். அன்று எடுத்த காட்சியை இயக்குநர் இரண்டாம் தரம் எடுக்கவில்லை.

அதிலிருந்து பதினான்கு படங்கள். இரத்தக்காட்டேரி கடிக்கும் முதலாவது பெண், பைத்திய வைத்தியரின் மேசையில் கிடப்பவள், கடலில் மூழ்கிக் கரையொதுங்கும் மணப்பெண் என்று பதின்மூன்று படங்களில் செத்தாள். அநேகமாக முதல் அரை மணித்தியாலத்துக்குள் அவள் கதை முடிந்துவிடும். பதினான்காவது படத்தில் உயிர் பிழைக்க வேண்டும். ஆனால் கடைசிப் பகுதியை எடுக்குமுன் தயாரிப்பாளரின் கை காய்ந்துவிட்டது. எடுத்த மட்டில் படத்தை ஒட்டி வெளியிட்டார்கள். அதில் தான் தப்பினேனா இல்லையா என்பது தனக்கே தெரியாது என்பாள் ஒடெற்.

தன் தொழிலைப் பற்றி அவள் விளையாட்டாகப் பேசினாலும் அதைச் செய்த விதத்தில் விளையாட்டு இருக்கவில்லை. கண்ணை மூடுமுன் தூரத்தில் ஒரு பொருளைப் பார்த்துவிட்டு மூடவேண்டும், அப்போதுதான் இமைக்குக் கீழே கண்மணி அலையாது. நெஞ்சால் மூச்சு விடக்கூடாது, அடிவயிற்றால் விடவேண்டும். குளிரில் வாயிலிருந்து புகை வராமலிருக்கப் படம் எடுக்கும் முன்னர் பனிக்கட்டியை வாய்க்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். இவற்றை ஒருவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குளிர்ந்த கல்லின் மேல் கிடந்து அவளே கண்டுபிடித்தாள்.

ஒரேயொரு குறை. ஆங்கிலப் பெயர் போட்டால் படம் ஓடும் என்று தயாரிப்பாளர்கள் நினைத்தார்கள். படத்துக்குப் படம் அவளுக்கு வேறு வேறு பெயர். ஒரு படத்தில் லில்லி, இன்னொன்றில் மார்கரற். ஒவ்வொரு தரமும் அவள் தாய்க்குத் தொலைபேசியில் சொல்லுவாள். தாய் மீன் மணம் போகக் குளித்து, நல்ல மேற்சட்டை போட்டு, பஸ் எடுத்துப் பக்கத்து நகரத்துக்குப் போவாள். பேய்ப்படம் பயம் என்பதால் உள்ளே போகமாட்டாள். வாசலில் நின்று சுவரொட்டியில் மகளின் பெயரைத் தேடிவிட்டுத் திரும்பி வருவாள். மூன்றாம் தரம் போய் வந்த பிறகு, மகள் பொய்முடிக் கடையில்தான் இருக்கிறாள், வெட்கத்தில் கதை விடுகிறாள் என்று முடிவுகட்டிவிட்டாள். இன்றைக்கும் அவள் எண்ணம் அதுதான்.

"அவ சாகமுதல் ஒருக்கா என்ரை பேரைச் சுவரிலை பாக்கவேணும்," என்றாள் ஒடெற். அன்று அவள் சிரிக்காமல் சொன்ன ஒரே வசனம் அது. அந்த விரிப்பு கோணலாகப் போனது.

டென்மார்க்குக்கு அவளைக் கொண்டுவந்தது ஆகே என்ற லொறிச் சாரதி. பாரிஸ் சந்தைக்குப் பன்றி இறைச்சி ஏற்றிப் போனவன், வழியில் சேற்றில் புதைந்து நின்ற படக்குழுவின் வான் வண்டியைத் தன் லொறியோடு கட்டி இழுத்துவிட்டான். வண்டிக்குள்ளிருந்து கழுத்தில் இரத்தம் வடிய ஒடெற் இறங்கினாள். ஆகே அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கோப்பிக்குப் பால் விடட்டுமா என்று மட்டும் கேட்டான். இப்படி ஒரு மனிதனை விட்டுவிடக்கூடாது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்ததாக ஒடெற் சொன்னாள். அவள் நடிப்பை விட்டு எட்டு வருடமாகிவிட்டது.

ஆனால் படங்கள் அவளை விடவில்லை. தியேட்டரில் ஓடாத அந்தப் படங்கள் எல்லாம் இப்போது கசற்றாக உயிர்பெற்று ஐரோப்பா முழுவதும் அலைந்தன. ஓகூஸ் நகரத்தில் பழைய பேய்ப்படங்களையே மதமாகக் கொண்ட ஓர் இளைஞர் கூட்டம் இருந்தது. அதில் ஹென்ரிக் என்பவன் ஒரு விசயத்தைக் கவனித்தான். லில்லி புளூமின் வலது கணுக்காலில் அவரை விதை போல ஒரு மச்சம். மார்கரற்றுக்கும் அதே இடத்தில் அதே மச்சம். எல்லாப் பிணங்களும் ஒரே பெண்! அவன் பொய்முடிக் கடை வரைக்கும் தேடிப்போய், அவள் டென்மார்க்கில்தான் இருக்கிறாள் என்று அறிந்து, ஆவணி மாதத்தில் ஒருநாள் சலவைத் தொழிற்சாலை வாசலுக்கு வந்து நின்றான். சொந்தமாக ஒரு படம் எடுக்கப் போகிறானாம். கறுப்பு வெள்ளைப் படம். நூறு வருடமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் சீமாட்டியாக ஒடெற் நடிக்க வேண்டும். அவள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். சுவரொட்டியில் ஒடெற் கெர்வல் என்று, அம்மா வைத்த பெயர் இருக்கவேண்டும். எல்லாருக்கும் மேலே போடுகிறேன் என்று ஹென்ரிக் வாக்குக் கொடுத்தான்.

ஒக்ரோபர் முதல் சனிக்கிழமை படப்பிடிப்பு. ஹேர்னிங்குக்குத் தெற்கே பழுப்பு நிலக்கரி தோண்டிக் கைவிட்ட இடம், புல்லில்லாத மணல்மேடும் கறுத்த குளமுமாகக் கிடக்கிறது. அதற்குள் ஒரு கண்ணாடிப் பெட்டியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். கமரா ஒடெற்றின் முகத்தில் தொடங்கி, மெல்ல வந்து அவளுடைய வெறுங்காலில், ரசிகர்கள் அறிந்த அந்த மச்சத்தில் நின்று, பிறகு பின்வாங்கி முழு வெளியையும் காட்டும். நடுவில் வெட்டு இல்லை.

திங்கட்கிழமை ஒடெற் வேலைக்கு வந்தபோது முகம் இருண்டிருந்தது. முகம் நன்றாகச் செத்தது என்றாள். கைகளும் செத்தன. கால்தான் சாகவில்லை. கமரா காலுக்கு வரும் நேரத்தில் வலது பாதம் தன்பாட்டில் முன்னுக்கு அழுந்தி எழும்புகிறது. மல்லாந்து படுத்தவுடன் அது மிதியைத் தேடுகிறது. எட்டு வருடமாக நாள் முழுவதும் அந்த மிதியை அழுத்திய பாதம். ஹென்ரிக் ஒட்டுநாடாவால் குதிக்காலை ஒட்டிப் பார்த்தான். விரல்கள் அழுந்தின. கல் வைத்துப் பார்த்தான். கண்ணாடியில் கல் தெரிந்தது. கடைசியில், வருகிற சனிக்கிழமையும் சரிவராவிட்டால் ஓகூஸில் படிக்கும் ஒரு பெண்ணைப் படுக்கவைத்து மச்சத்தை வரைந்துவிடப் போகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறான். அந்தக் காட்சி இல்லாவிட்டால் படத்தில் ஒடெற்றுக்கு வேலையே இல்லை. சுவரொட்டியில் பெயரும் இல்லை.

ராசமலருக்கு அந்தக் கால் நன்றாக விளங்கியது. ஆறு மாதத்திலேயே அவளுடைய காலும் கட்டிலில் மிதியைத் தேடத் தொடங்கியிருந்தது. மிதியைத் தொழிற்சாலையில் விட்டிட்டு வந்து படும் என்று சிவானந்தன் முறைப்பட்டிருக்கிறான். கால் விளங்கிய அதே கணத்தில் அதற்கு வழியும் மனதில் வந்தது. வந்தவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வழி இதுதான். ஊரில் ஒருவர் இறந்தால் கால்கள் விலகாமலிருக்க இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துத் துணியால் கட்டுவார்கள். பெருவிரல்கள் இரண்டும் இணைந்துவிட்டால் பாதம் முன்னுக்கும் போகாது, பக்கத்துக்கும் சாயாது. அதைவிட நல்ல வழி உலகத்தில் இல்லை. ஆனால் அது இறந்தவருக்குச் செய்வது. மூச்சு விடுகிற மனுசிக்கு, அதுவும் அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு?

அன்று பின்னேரம் கணவனிடம் சொன்னாள். வானொலிப் பெட்டியைத் திருத்திக்கொண்டிருந்த சிவானந்தன் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"உமக்கென்ன விசரே? உயிரோடை இருக்கிறவைக்கு ஆரும் கால் கட்டுவினமோ?"

"நான் கட்டப்போறன் எண்டு சொன்னனானே?"

"நினைக்கவும் கூடாது. அவவுக்குச் சொல்லியும் போடாதையும். சொன்னால் அந்த மனுசி தானே கட்டிப்போடும்."

அது உண்மை. அதனால் அந்தக் கிழமை முழுவதும் ராசமலர் வாயைத் திறக்கவில்லை. ஒடெற்றோ இடைவேளைகளில் கண்டீனின் நீண்ட மர வாங்கில் நீட்டிப் படுத்துப் பழகினாள். பாதம் அழுந்தியது. அவளே அதைப் பார்த்து, போதும் வீட்டுக்குப் போ, வேலை முடிந்துவிட்டது என்று பிரெஞ்சில் பேசினாள். பாதம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் பகிடிகூட விடவில்லை. அம்மாவுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். தாய் தொலைபேசியில், சரி பார்ப்போம் என்றாளாம்.

சனிக்கிழமை படப்பிடிப்பைப் பார்க்க வரச்சொல்லி ஒடெற் கேட்டிருந்தாள். தெரிந்த ஒரு முகம் கிட்ட நின்றால் நல்லது என்றாள். அங்கே போக பஸ் இல்லை. தமிழ்ப் பெண்களில் கார் ஓட்டத் தெரிந்தவள் மேல்மாடியில் குடியிருந்த இன்பமலர் மட்டும்தான். அவள் பெந்தெகொஸ்து சபைக்காரி. சினிமா பார்ப்பதில்லை. ராசமலர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது இன்பமலர் கொஞ்சநேரம் யோசித்தாள்.

"படம் பாக்கிறது பாவம் எண்டுதான் பாஸ்ரர் சொன்னவர். படம் எடுக்கிறதைப் பாக்கிறதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை," என்றுவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தாள்.

வழியில் ராசமலர் அடக்கமுடியாமல் அவளிடம் கால் கட்டும் விசயத்தைச் சொன்னாள். இன்பமலர் காரின் வேகத்தையே குறைத்துவிட்டாள். எங்கடை ஆக்களும் செத்தவீட்டிலை கட்டுறவைதான், ஆனால் சீவனோடை இருக்கிறவைக்குக் கேட்டு அறியேல்லை, என்னைக் கட்டச் சொல்லிப்போடாதையும் என்றாள்.

மணல்வெளியில் நல்ல வெய்யிலும் நல்ல குளிருமாக இருந்தது. ஏழெட்டு இளைஞர்கள் கமராவைச் சுற்றி நின்றார்கள். கண்ணாடிப் பெட்டி என்று பெரிதாகச் சொன்னது மூடிப்போன சப்பாத்துக் கடையொன்றின் காட்சிப் பெட்டி. அதற்குள் வெள்ளைச் சரிகை உடுப்போடு ஒடெற் கிடந்தாள். வெறுங்கால். சப்பாத்துப் பெட்டிக்குள் சப்பாத்தில்லாத கால் என்று அவள் பகிடி விட, இன்பமலர்கூடச் சிரித்தாள். பக்கத்தில் ஓகூஸ்காரப் பெண் கம்பளியைப் போர்த்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தாள். அவளுடைய கணுக்காலில் மச்சம் ஏற்கெனவே வரைந்தாயிற்று. ராசமலருக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒத்திகை இரண்டு தரம் நடந்தது. ஒடெற் வாயில் பனிக்கட்டியை அடக்கிக்கொண்டாள். முகம் கல்லாயிற்று. கைகள் மெழுகாயின. வண்டி நகர்ந்தது. பாதம் அழுந்தியது. மறுபடி. பாதம் அழுந்தியது. ஹென்ரிக் வெய்யில் இறங்குவதைப் பார்த்தான். ஒரு சுருள் படம்தான் மிச்சம் இருக்கிறது, ஒத்திகையில் சரிவராததை அதில் எடுக்கமுடியாது என்று மெதுவாகச் சொன்னான். ஓகூஸ்காரப் பெண் கம்பளியைக் கழற்றினாள்.

ஒடெற் எழுந்து உட்கார்ந்து பனிக்கட்டியைத் துப்பினாள். அழவில்லை. தன் வலது காலை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்து, வேலை செய்து களைத்த ஒரு பிள்ளையைத் தடவுவது போலத் தடவினாள்.

ராசமலர் தன் பின்னலில் கட்டியிருந்த பச்சை ரிபனை அவிழ்த்தாள்.

அவள் அதைப் பற்றி முன்பே யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் கை செய்யத் தொடங்கியதும் மனம் வழி கண்டுபிடித்துக்கொண்டது. பச்சை நிறத்தில் எந்தப் பிணத்துக்கும் ஒருவரும் கட்டுவதில்லை. கடும் முடிச்சுப் போடாமல், ஓரிழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சாகப் போடலாம். கட்டிய கையே அவிழ்த்தும் விட்டால் அது கட்டே அல்ல. கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையைக் கண்டுபிடிக்கவும் ஏலாது.

பெட்டியருகே போய் ஒடெற்றுக்கு விளங்கப்படுத்தினாள். எங்கள் ஊரில் இது யாருக்குச் செய்வது என்பதையும் மறைக்கவில்லை. ஒடெற்றின் கண்கள் அகன்றன. எட்டு வருடத்துக்கு முன்னர் இது தெரிந்திருந்தால் எவ்வளவு நல்லது என்பது போலிருந்தது அந்தப் பார்வை.

"ஒண்டு மட்டும்," என்றாள் ராசமலர். "நான்தான் கட்டுவன். நான்தான் அவிழ்ப்பன். வண்டி அந்தப் பைன் மரத்தடிக்குப் போன உடனை அவிழ்ப்பன். அதுக்குப் பிறகு ஒரு நிமிசமும் விடமாட்டன். அந்தத் தம்பிக்குச் சொல்லுங்கோ."

ஹென்ரிக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பெருவிரல்களைச் சேர்த்து ரிபன் கட்டியதைக் கண்டதும் அவனுடைய கண்கள் மின்னின. சீமாட்டியின் கால்கள் இப்போதுதான் உண்மையாகவே செத்தவளின் கால்களாக இருந்தன. ராசமலர் கட்டும்போது நூறு வயது, நூறு வயது என்று முணுமுணுத்தாள். பின்னால் இன்பமலர் கண்ணை மூடிக்கொண்டு உரத்த குரலில் செபம் செய்தாள். கமராக்காரன் மரியாதையாக அவள் ஆமென் சொல்லும் வரைக்கும் காத்திருந்தான்.

படம் ஓடத் தொடங்கியது. இளைஞர்கள் வண்டியைத் தள்ளினார்கள். முகத்திலிருந்து கமரா கீழே வந்தது. மார்பு எழவில்லை. வாயில் புகை இல்லை. பாதங்கள் இரண்டும் சிலைக்குச் செதுக்கியவை போல ஒட்டிக்கொண்டு நின்றன. மச்சத்தில் வெய்யில் பட்டது. கமரா பின்வாங்க, மணல்மேடும் குளமும் வானமும் விரிந்தன. அந்த நேரம் பார்த்து வடக்கிலிருந்து காட்டு வாத்துக் கூட்டமொன்று கத்திக்கொண்டு மேலால் பறந்தது. ஹென்ரிக் வாயைப் பிளந்தபடி நின்றான். வண்டி பைன் மரத்தடிக்கு வந்து நின்றது. நிறுத்து என்று அவன் சொல்லவில்லை. வாத்துகள் போகட்டும் என்று நினைத்தானோ, எல்லாவற்றையும் மறந்தானோ, கையை உயர்த்தியவன் உயர்த்தியபடியே நின்றான்.

ராசமலர் பைன் மரத்தைப் பார்த்தாள். ஒடெற்றைப் பார்த்தாள். கொஞ்சங்கூட அசைவு இல்லை. நடிப்பு என்று தெரியும். பனிக்கட்டி என்று தெரியும். ஆனால் கட்டியது தன் கை. சொன்ன இடம் வந்துவிட்டது. அவள் நடக்கத் தொடங்கினாள். சேலைக்கு மேலே சிவானந்தனின் பெரிய குளிர்ச்சட்டை, காலில் றப்பர்ச் சப்பாத்து, அவிழ்ந்த பின்னல். கமராவுக்கு முன்னால் மணலில் நேரே நடந்து போனாள். பின்னாலிருந்து யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. அவள் நிற்கவில்லை. கண்ணாடி மூடியைத் தூக்கினாள். ரிபனின் நுனியைப் பிடித்து ஓரிழுப்பு இழுத்தாள். பிறகு சீமாட்டியின் கன்னத்தில் கையை வைத்து, "அக்கா, எழும்புங்கோ. படுத்தது காணும்," என்றாள்.

ஒடெற் கண்ணைத் திறந்தாள். முன்னால் நின்ற முகத்தைக் கண்டு மெல்லச் சிரித்தாள். கையை நீட்டினாள். ராசமலர் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். தினமும் விரிப்பின் மூலையை வாங்குவது போலத்தான் வாங்கினாள். சுருள் முடிந்து கமரா தானாக நின்றது.

கடைசிச் சுருளைக் கெடுத்துவிட்டேன் என்பது ராசமலருக்கு அப்போதுதான் உறைத்தது. வாக்குத் தந்தவர் ஏன் சொன்ன இடத்தில் நிறுத்தவில்லை என்று தமிழிலேயே ஹென்ரிக்கைக் கேட்டாள். அவனுக்கு மொழி விளங்காவிட்டாலும் நியாயம் விளங்கியது. இருந்தாலும் தலையைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்திவிட்டான். கமராக்காரன் அவன் பக்கத்தில் வந்து குனிந்தான். நான் எதையும் வெட்டவில்லை, எல்லாம் பதிந்திருக்கிறது, நான் பார்த்ததை நீ பார்த்தாயா என்று கேட்டான்.

ஹென்ரிக் குந்தியபடியே யோசித்தான். எழுதி வைத்தபடி என்றால் சீமாட்டியை அந்த மணலில் புதைப்பதோடு கதை முடிய வேண்டும். இரண்டு கிழமை கழித்து, கழுவி வந்த சுருளைப் போட்டுப் பார்த்த பிறகு அவன் கதையை மாற்றினான். எங்கிருந்தோ வரும் ஒரு பெண், ஒருவரையும் கேளாமல், நூறு வருடச் சாவின் கட்டை அவிழ்த்து அவளை எழுப்பிக்கொண்டு போகிறாள். அவ்வளவுதான், முடிவு.

படம் அடுத்த வருடம் மாசி மாதம் ஹேர்னிங்கில் ஒரு மண்டபத்தில் திரையிடப்பட்டது. ஓகூஸ் இளைஞர்கள் கறுப்பு உடுப்போடு வந்தார்கள். சலவைத் தொழிற்சாலை முழுவதும் வந்தது. ஆகே ஒரு பெரிய போத்தலில் கோப்பி கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றினான். தமிழ்ச் சனம் இரண்டு வரிசையை நிறைத்தது. இன்பமலர் வாசலோடு நிற்கிறேன் என்று வந்து, வாசல் குளிர் என்று உள்ளே வந்து, கடைசிக் காட்சியில் விரல்களுக்கு இடையால் பார்த்தாள். குளிர்ச்சட்டையோடு ராசமலர் திரையில் நடந்து வந்தபோது சிவானந்தன் பக்கத்தில் இருந்தவரிடம், அது என்ரை சட்டை என்றான். ஒடெற் உயிரோடு எழுந்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. கறுப்பு உடுப்பு இளைஞர் சிலர் அழுதார்கள். அவர்களுக்குத்தான் அவள் எத்தனை தரம் செத்தாள் என்பது தெரியும்.

சுவரொட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே, தெருவின் மறுகரையிலிருந்தும் வாசிக்கக்கூடியதாக, ஒடெற் கெர்வல் என்று இருந்தது. அதிலிருந்த படம் இரண்டு பாதங்கள், ஒரு ரிபன், ரிபனைப் பிடித்த ஒரு கை. கீழே சின்ன எழுத்தில் ராசமலரின் பெயரும் இருந்தது. ஒடெற் ஒன்றைச் சுருட்டித் தாய்க்கு அனுப்பினாள். ஒரு கிழமை கழித்துத் தாய் தொலைபேசியில் பேசினாள். சுவரொட்டியை மீன் தொழிற்சாலை வாசல் கதவில் தானே ஒட்டிவிட்டாளாம். வேலைக்குப் போகிற வருகிறவர்கள் எல்லாரும் வாசிக்கவேண்டுமாம். பொய்முடிக் கடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கை யாருடையது என்று கேட்டாள். என் தங்கச்சியுடையது என்று ஒடெற் சொன்னாளாம்.

அதற்குப் பிறகும் ஒடெற் சலவைத் தொழிற்சாலையில்தான் இருந்தாள். இளவேனிலில் ஜெர்மனியிலிருந்து ஒரு படக்காரர் அவளைத் தேடி வந்தார். நல்ல பாத்திரம், முதல் அரை மணித்தியாலத்தில் ஒரு பிரமாதமான சாவு என்றார். ஒடெற் உருளையை நிறுத்தாமலே அவர் சொன்னதைக் கேட்டாள். வருகிறேன், ஆனால் இவளும் வருவாள் என்று விரிப்பின் மறுகரையைக் காட்டினாள். இவருக்கு என்ன பாத்திரம் என்று படக்காரர் கேட்டார்.

"என்னை எழுப்பிறது," என்றாள் ஒடெற். இருவரும் ஒன்றாக மிதியை அழுத்தினார்கள். விரிப்பு நேராக உள்ளே போனது.